கடன் தரகரின் மேசையில் என் சனிக்கிழமைகள்

“நாலு மாசமாச்சு. உங்கட ஆள் பாங்குக்குள்ளை போறாரோ, இல்லாட்டிப் பாங்கைத் தாண்டி நடந்து போறாரோ எண்டு எனக்குத் தெரியவேணும். போன் எடுத்தால் வாற கிழமை எண்டுறார். எந்தக் கிழமை எண்டு ஒருக்கால் கலண்டரிலை தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ அக்கா.”

இது மனோ. நோர்வேயில், புருசெத் பகுதியில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவில் போட்டிருந்த மேசையை விரலால் குத்திக் குத்திச் சொன்னாள். தரகர் தயாபரன் அந்த நேரம் பார்த்துக் கோப்பி குடிக்கப் போயிருந்தார். வீட்டுக் கடன் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் வெளியே போவது தரகரின் வேலை, ஏச்சு வாங்குவது மேசையில் இருப்பவரின் வேலை. அந்த மேசையில் ஒன்றரை வருடம், சனிக்கிழமை தவறாமல், இருந்தவள் நான்.

சம்பளத்துக்கு இருக்கவில்லை. அம்மருட்டில் பன்னிரண்டாம் மாடியில் வாடகை வீடு எங்களுக்கு. என்னைப் போலவே சுவரில் ஆணி அடிக்கப் பயந்து சாமிப் படத்தை அலுமாரி மேல் சாய்த்து வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஒரே அறை. மூத்தவள் இஸ்திரிப் பலகையை விரித்து வைத்து அதில் கணக்குச் செய்வாள். உடுப்புத் தேய்க்க வேண்டுமென்றால் நான் அவளிடம் தவணை கேட்க வேண்டும். இவருக்கு, பிள்ளைகளின் அப்பாவுக்கு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருட நிரந்தர வேலை. அந்தத் தைரியத்தில் நேரே வங்கிக்குப் போனோம். சொந்த முதல் போதாது என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. பிறகுதான் எல்லோரும் போகிற இடத்துக்கு, தயாபரனிடம், போனோம்.

அவர் வங்கியில் பத்து வருடம் இருந்தவர் என்று ஊரெல்லாம் கதை. இருந்தவர்தான், விடியப்புறம் நிலம் துடைத்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த அதிகாரி எந்த நாளில் நல்ல முகத்தோடு இருப்பார் என்பது நிலம் துடைத்தவருக்குத்தான் தெரியும். என் எழுத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது. கொன்வென்றில் சிஸ்டர் அடிமட்டத்தால் விரல் கணுவில் தட்டித் தட்டி உருட்டி எடுத்த எழுத்து அது. சனிக்கிழமைகளில் வந்து படிவம் நிரப்பித் தந்தால் எங்களிடம் கொமிஷன் எடுப்பதில்லை என்றார். முதல் நாளே எங்கள் கோப்பிலிருந்த இவருடைய சம்பளச் சீட்டை நீட்டி, நாலு பிரதி எடுக்கச் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி போதாதா, நாலு எதற்கு என்று கேட்டேன்.

“உங்கட பைல்தான் அக்கா இருக்கிறதிலை லேசு. லேசானதைக் கடைசியாச் செய்வம்.”

கழுத்தில் கிடந்த முதல்

மனோ ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள், அவளுடைய மனிசன் டாக்சி. இரண்டும் அரைகுறை வேலை என்று வங்கி சொல்லிவிட்டது. சொந்த முதல் எவ்வளவு இருக்கிறது என்று நேரில் வந்து காட்டச் சொல்லியிருந்தது. மொழிபெயர்க்க நான் போனேன். கடன் பகுதியில் இருந்த நோர்வேக்கார மனிசி கோப்பி தந்து, சிரித்து, சொந்த முதல் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மனோ தோல்பையைத் திறந்து அட்டியல், பதக்கம் சங்கிலி, காப்புச் சோடி மூன்று, எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் வைத்து அந்த மனிசி பக்கம் தள்ளினாள். முப்பத்திரண்டு பவுண், தாலிக்கொடி சேர்க்காமல்.

அந்த மனிசி கதிரையோடு பின்னுக்குப் போனாள். கழுத்து சிவந்துவிட்டது. வங்கி ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். “ஆர் குடுக்கிறது? காட்டத்தானே சொன்னவ, காட்டினன்” என்று மனோ ஒவ்வொன்றாக வெடுக்கு வெடுக்கென்று எடுத்துப் பைக்குள் போட்டாள். நகை கணக்கில் வராது, யாராவது பிணை நின்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது சுரங்க ரயில் மேடையில் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வண்டியில் ஏறி இருந்ததும் சொன்னாள்.

“என்ரை கழுத்திலை கிடக்கிறது முதல் இல்லையாம். அப்ப இருபது வருசமா நான் என்னத்துக்குக் கள்ளனுக்குப் பயந்தனான்?”

எமகண்டம்

இங்கே ஞாயிற்றுக்கிழமை வீடு காட்டுவார்கள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள், ஏலம் மாதிரி, விலை கேட்டு முடித்துவிட வேண்டும். திங்கட்கிழமை எமகண்டம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. இந்த இரண்டையும் ஒன்றாகப் படைத்தவரை நான் குறை சொல்லவில்லை, சிவலிங்கம் மாஸ்டரைத்தான் சொல்கிறேன். திருகோணமலையில் கணிதம் படிப்பித்தவர், இங்கே தபால் பிரிக்கும் வேலை. வங்கியின் கடன் உறுதிக் கடிதம் கையில், வீடு பிடித்திருந்தது, எதிராளி ஒரே ஒருவன். காலை பத்து இருபதுக்கு மாஸ்டர் ஒரு விலை சொன்னார். பத்து நாற்பதுக்கு எதிராளி பத்தாயிரம் கூட்டினான். நான் தொலைபேசியை மாஸ்டரின் கையில் வைத்தேன். அவர் அதை மேசையில் வைத்தார். “இனிப் பன்னிரண்டுக்குப் பிறகு” என்றார்.

சூரியன் ஒன்பது மணிக்கு எழும்புகிற ஊரில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்து நேரம் எப்படிப் பொருந்தும், நீங்கள் கணக்கு வாத்தியார்தானே என்று கேட்டேன். சூரியன் பிந்தலாம், எமன் பிந்துவதில்லை என்றார். பன்னிரண்டு மூன்றுக்கு அழைத்தபோது வீடு போய்விட்டது. நான் கோப்பை மூடிய வேகத்தில் கருவாட்டுப் பெட்டி மேல் இருந்த பூனை எழும்பி ஓடியது. மாஸ்டர் குளிர்ச்சட்டையை ஆறுதலாகப் போட்டு ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார்.

“வீடு போனாலும் பரவாயில்லை பிள்ளை. எமகண்டத்திலை வாங்கினனான் எண்ட பேர் எனக்கு இல்லை.”

அடுத்த வருடம் வேறொரு வீடு வாங்கினார். ஒரு வியாழக்கிழமை.

மலிவான வீடு

மட்டக்களப்புச் சோடி ஒன்று, ரூபனும் வசந்தியும். கலியாணம் முடித்து இரண்டு வருடம், ரொம்சோஸில் ஒரு நிலவறையில் வாடகைக்கு இருந்தவர்கள். ஒரு நாள் ரூபன் பத்திரிகையை மடித்துக் கொண்டு ஓடி வந்தான். பக்கத்து வீடுகள் பதின்மூன்று லட்சம் போகிற தொடர்மாடியில் ஒரு வீடு ஆறு லட்சம் குரோணருக்கு. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என் காதில் சொன்னான். என்னிடம் வருவதற்கு முன்பே விலை கேட்டு முடித்துவிட்டான், அதையும் காதில்தான் சொன்னான்.

விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசித்தேன். கூரை மாற்றவும் குழாய் மாற்றவும் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் சங்கம் மொத்தமாகக் கடன் வாங்கியிருந்தது. அதில் இந்த வீட்டின் பங்கு இன்னொரு ஏழு லட்சம். மாதா மாதம் கட்ட வேண்டும். பின்வாங்கவும் முடியாது, கேட்ட விலை கேட்டதுதான். இவர்கள் சம்பளத்துக்கு இவ்வளவு பாரம் கூடாது என்று வங்கி முதலில் கையை விரித்தது. தயாபரன் வந்து ரூபனின் தோளில் தட்டி, “பிணைக்கு என்னட்டை ஒரு ஆள் இருக்கு. நிரந்தர வேலை. நான் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லமாட்டார்” என்றார். யார் அந்தப் புண்ணியவான் என்று நான் நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. வசந்தி மட்டும் அந்தப் பத்திரிகையை விடவேயில்லை.

“கட்டடம் பட்ட கடனுக்கு நாங்க என்னகா செய்யிற?”

கோயம்புத்தூர்த் தம்பி

கணினிக் கம்பனிக்கு வேலைக்கு வந்த பொடியன் ஒருவன், கோயம்புத்தூர், வந்து பதினான்கு மாதம். என் தமிழைக் கேட்டு நான் மலையாளமா என்றான். நான் படிவத்தைக் கேட்டேன். அதை அவன் ஏற்கெனவே கணினியில் அடித்துக் கொண்டுவந்திருந்தான். எனக்கு ஒரு கோடு போடக்கூட வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை அனுப்பினோம், அடுத்த செவ்வாய் கடன் உறுதி வந்தது. அந்த நேரம் எங்கள் கோப்பு மேசைக்குப் பின்னாலிருந்த இறாக்கைத் தட்டில் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. அவன் ஒரு பெட்டி மைசூர்பாகுடன் நன்றி சொல்ல வந்தான், நல்ல பிள்ளை, அதுதான் கூடுதலாக எரிச்சல்.

“ப்ராசஸ் ரொம்ப ஸ்மூத்தா இருந்துச்சு ஆன்ட்டி. உங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ டிலே?”

அடுக்களை ஜன்னல்

அந்த மாசியில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் கடிதம் போட்டார். மகனுக்குக் கலியாணம், வீடு வேண்டும், ஆவணிக்குள் எழும்பிவிடுங்கள். நான் கடிதத்தைத் தயாபரனின் மேசையில், அவர் கோப்பிக் கோப்பை வைக்கிற இடத்தில், வைத்தேன். இந்த முறை உங்கள் கோப்புத்தான் மேலே என்றார். வங்கியில் போட்டாயிற்று என்றார். நீங்கள் வீடு பாருங்கோ என்றார்.

பார்த்தேன். புருசெத்தில் மூன்றாம் மாடி. வாசலில் நீலப் பிளாஸ்டிக் உறையைச் சப்பாத்து மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், அடுக்களையில் நெஞ்சளவு ஜன்னல்; பாத்திரம் கழுவிக்கொண்டே சுரங்க ரயில் வெளியே வருவதைப் பார்க்கலாம். படுக்கை அறைகள் இரண்டு தவிர, பின்னால் கதவோடு ஒரு சின்ன அறை. நான் குனிந்து சுவரைச் சாணால் அளந்தேன். ஒரு மேசை, ஒரு கதிரை, மேலே ஒரு தட்டு, சரியாகப் பொருந்தும். நிமிர்ந்தால் வாசலில் மனோ, அவளும் நீல உறையோடு. என்ன அளக்கிறியள் என்று கேட்டாள். மகளின் மேசைக்கு என்றேன். அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். “சாமி அறைக்கும் நல்லாத்தான் இருக்கும்” என்றாள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவளுடைய கடனும் என்னுடையதைப் போல இழுபடுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தயாபரனுக்குப் போன் அடித்தேன். பத்துக்கு அடித்தேன். பத்தரைக்கு, எமகண்டத்தோடு, அடித்தேன். ரூபனைப் போல் கடன் உறுதி இல்லாமல் விலை கேட்டு மாட்டிக்கொள்ள எனக்குத் துணிவில்லை, எங்களுடையது வரவில்லை. புதன்கிழமை கட்டாயம் வருமென்றார். பன்னிரண்டரைக்கு மனோ அழைத்தாள். அவளுடைய உறுதி வெள்ளிக்கிழமையே வந்திருந்தது.

“கோவிக்காதையுங்கோ அக்கா. அந்த வீட்டுக்கு நீங்கள் விலை கேக்கேல்லை எண்டுதான் நான் கேட்டனான்.”

பிணைக்காரர்

நான் கோவிக்கவில்லை. கோவித்திருந்தால் அடுத்த சனிக்கிழமை போயிருக்க மாட்டேன், மனோவின் கோப்பைக் கட்டி வைக்கும் வேலை வேறு யாருக்காவது போயிருக்கும். பிணைத் தாளை மட்டும் தயாபரன் தானே நிரப்பிக் கடைசியில் சேர்ப்பார், அதுவரை நான் புரட்டிப் பார்த்ததில்லை. அந்தக் கடைசித் தாளில் பிணை நிற்பவரின் பெயர். அடியில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கையிலும் பார்த்திருக்கிறேன். தாளோடு சேர்த்துக் குத்தியிருந்தது இவருடைய சம்பளச் சீட்டின் பிரதி. பிரதி எடுக்கும்போது ஓரத்தில் என் பெருவிரலும் சேர்ந்து விழுந்திருந்தது.

சிவலிங்கம் மாஸ்டரின் கோப்பை இழுத்தேன். ரூபனின் கோப்பை இழுத்தேன். மூன்றிலும் இவர், மூன்றிலும் என் பெருவிரல். நாலாவது பிரதி எங்கள் கோப்பில் இருந்தது, அதோடு புதன்கிழமை தேதியிட்ட வங்கிக் கடிதமும். மூன்று வீட்டுக் கடனுக்குப் பிணை நிற்பவருக்கு நாலாவது கடன் தரச் சாத்தியமில்லை என்று மிகவும் அழகான நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தார்கள். கோப்பிக் கோப்பையோடு உள்ளே வந்த தயாபரன் மூன்று கோப்பும் திறந்து கிடப்பதைப் பார்த்து நின்றார். திரும்பிப் போகவும் பார்த்தார், அரிசி மூட்டை மறித்தது. பிணை நின்றால் எங்களுக்குக் கடன் கிடைக்காது என்பது தெரியாதா என்று கேட்டேன். முதலாவதோடு கிடைக்கும் என்று நினைத்தாராம். இரண்டாவதோடும் நினைத்தாராம்.

“அத்தான்ரை சம்பளச் சீட்டு மாதிரி ஒண்டு இந்தப் பகுதியிலையே இல்லை அக்கா. அதை வைச்சால் அந்தப் பாங்கு மனிசி கேள்வியே கேக்கிறேல்லை.”

என்வலப்

வீட்டில் இவர் காலுறை கழற்றிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று. இஸ்திரிப் பலகை இருக்கிற அறைக்கு இந்த வீட்டில் எல்லாமே கேட்கும். முதல் கையெழுத்து மாஸ்டரின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டாவது கோயில் மண்டபத்தில், அன்னதான வரிசையில். மனோவுக்குப் போட்டது ஒரு பிறந்தநாளில், கேக் வெட்டின பிறகு. தயாபரன் எப்போதும் சபைக்குத்தான் தாளைக் கொண்டு வருவாராம், பேனையும் அவருடையதுதானாம்.

நம் ஆட்களுக்குத் தெரியாததா. கொண்டாட்டத்தில் ஒருத்தர் நாலு பேருக்கு முன்னால் கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் வாய் நமக்கு இல்லை. என்வலப்பில் ஐந்நூறு குரோணர் வைத்துக் கொடுப்பதும் பதினாலு லட்சத்துக்குப் பிணை நிற்பதும் ஒரே மாதிரித்தான், இரண்டையும் சிரித்துக்கொண்டு செய்ய வேண்டும். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் இந்த மனிசனிடம் கோபிக்க முடியாது, அதுதான் இவரிடம் உள்ள பெரிய தொல்லை. சுருட்டிய காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீர்தானே அங்கை இருந்து எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிறீர். உமக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.”

பால் காய்ச்சு

ஆவணியில் நாங்கள் ரொம்சோஸுக்குப் போனோம், இன்னொரு வாடகை வீட்டுக்கு. ஒரு அறை குறைவு. மூத்தவள் பள்ளிக்கூடம் மாறவில்லை, ஒவ்வொரு நாளும் இரண்டு வண்டி மாறிப் போகிறாள், என்னோடு குறைவாகக் கதைக்கிறாள். புரட்டாதியில் மனோ வீடு குடிபுகுந்தாள். அழைப்பு வந்தது. இவர் கட்டாயம் போக வேண்டும் என்றார், என்வலப்பும் எடுத்து வைத்தார்.

சின்ன அறையில் சாமிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆணி. சிவலிங்கம் மாஸ்டர் வந்திருந்தார், ரூபனும் வசந்தியும் கைப்பிள்ளையோடு வந்திருந்தார்கள், தயாபரன் பட்டு வேட்டியோடு எல்லோருக்கும் பலகாரம் நீட்டிக்கொண்டு நின்றார். வீட்டு விலை ஏறுகிறது என்பதுதான் கதை. தான் வாங்கியதற்கு மேல் இரண்டரை லட்சம் கூடிவிட்டது என்றார் மாஸ்டர். தங்கள் கட்டடத்தில்கூட ஏறிவிட்டது என்றான் ரூபன். இந்த ஆறு மாதத்திலேயே தன்னுடையதும் ஏறிவிட்டது என்று மனோ வெட்கத்தோடு சொன்னாள். அடுப்பில் புதுப் பானையில் பால் வைத்தார்கள், எல்லோரும் அடுக்களைக்குள் நெருங்கி நின்றோம். ஜன்னலுக்கு வெளியே சுரங்க ரயில் வெளியே வந்தது.

நான் கைப்பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்தேன். “வீடு விலை ஏறினால் பிணை தேவையில்லை எண்டு அந்தப் பாங்கு மனிசி என்னட்டைச் சொன்னவ. நீங்கள் கேட்டு எழுதினால் போதும், இவரின்ரை பேரை எடுத்துவிடுவினம். எழுதி வைச்சிருக்கிறன். ஆளுக்கு ஒரு கையெழுத்து. பேனையும் கொண்டு வந்திருக்கிறன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், சபையில் சொல்ல வேண்டிய மாதிரியே. இவர் தன் சப்பாத்தில்லாத கால்களைப் பார்த்தார். வசந்தி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது ராகு காலமா எமகண்டமா என்று நான் கேட்கவில்லை. மனோ அடுப்பின் சூட்டைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், பால் எழும்பி விளிம்பைத் தாண்டியது. எல்லோரும் ஒரேயடியாகப் பானையைப் பார்த்தார்கள். தயாபரன் பலகாரத் தட்டைக் கடிதங்களுக்கு மேலே நீட்டினார்.

“கிழக்காலைதான் பொங்கீட்டுது அக்கா. இனி எல்லாருக்கும் நல்லதுதான்.”

பதினேழு வருட நிரந்தர வேலை இவருக்கு மூன்று வீடு எடுத்துக் கொடுத்திருக்கிறது, அதில் ஒன்றின் அடுக்களையில், நான் பாத்திரம் கழுவ நினைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, இந்த முறை கொஞ்சம் உரத்து, யார் முதலில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று திரும்பவும் கேட்டேன்.